ஒன்று, இரண்டு, மூன்று... இடி!

ஐப்பசி அடைமழை. மின்சாரம் போய் அரை மணி நேரமாகிறது. ஜன்னலில் பளீரென்று ஒரு வெட்டு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த குழந்தை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாட்டியின் மடியில் முகத்தைப் புதைக்கிறது. "அர்ச்சுனா, அர்ச்சுனான்னு சொல்லுடா கண்ணு. ஒண்ணும் பண்ணாது" என்கிறாள் பாட்டி. அர்ச்சுனனுக்குப் பத்துப் பெயர்கள் உண்டு. பத்தும் தெரிந்தவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். தெரியாதவர்கள் 'அர்ச்சுனன் பேர் பத்து' என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். இடி இந்திரனின் ஆயுதம், அர்ச்சுனன் இந்திரனின் மகன். மகன் பெயரைக் கேட்டால் அப்பா கையை இறக்கிக்கொள்வார் என்பது ஊர்க்கணக்கு.

அதே பயத்துக்கு 1964-இல் நியூயார்க்கில் ஒருவர் வேறொரு மருந்து எழுதிக் கொடுத்தார். பெயர் ஃபிராங்க்ளின் பிரான்லி. அந்நகரின் ஹேடன் கோளரங்கத்தில் வேலை பார்த்து, பின்னாளில் அதன் தலைவராகவும் ஆனவர். அவர் சிறு பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகத்தின் பெயர் 'ஃபிளாஷ், கிராஷ், ரம்பிள் அண்ட் ரோல்'. தலைப்பைச் சத்தமாகப் படித்தாலே வீட்டுக்குள் இடி உருண்டு போகும். புத்தகத்தில் உள்ள மருந்து இதுதான்: மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கு; இடி கேட்டதும் நிறுத்து. ஐந்து வினாடி என்றால் மின்னல் ஒரு மைல் தூரத்தில் இருக்கிறது. நம் அளவில் மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர்.

ஒளி கண்ணுக்கு உடனே வந்துவிடுகிறது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் பின்னால் நடந்து வருகிறது. மின்னல் பாயும் பாதையில் காற்று கண்ணிமைக்கும் நேரத்தில் சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி வெடித்து விரிகிறது. அந்த வெடிச்சத்தம்தான் இடி. இவ்வளவும் புரிய வேண்டும் என்றுகூட இல்லை. முதல் மின்னலுக்கு ஆறு எண்ணிய குழந்தை, அடுத்ததற்கு ஒன்பது எண்ணுகிறது, அதற்கடுத்து பதினைந்து. மழை மேகம் விலகிப் போகிறது என்பதை யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்துவிடுகிறது. காதைப் பொத்தியிருந்த கைகள் இப்போது விரல் மடக்கிக் கொண்டிருக்கின்றன.

பிரான்லி, கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் வாசிப்புக் கல்விப் பேராசிரியராக இருந்த ரோமா கான்ஸுடன் சேர்ந்து 1960-இல் ஒரு நூல்வரிசையைத் தொடங்கியிருந்தார். ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு விஷயம். பக்கத்துக்குச் சில வரிகள். மீதி இடமெல்லாம் படம். அந்த வரிசையில் மழையும் பனியும் டொர்னாடோ என்ற சுழற்காற்றும் ஹரிக்கேன் என்ற கடற்புயலும் எரிமலையும் நிலநடுக்கமும் ஒவ்வொன்றாக வந்தன. இன்று உலகெங்கும் குழந்தைகளுக்கான அறிவியல் புத்தக அலமாரியில் வானிலையும் இயற்கைச் சீற்றமும் தனித் தட்டு பிடித்திருக்கின்றன என்றால், அதற்குக் கால்கோள் இட்டவர்களில் இவரும் ஒருவர்.

சாம்பலுக்குள் ஒரு எலி

அந்தத் தட்டில் ஒரு முழு வரிசையையே நிரப்பக்கூடியவர் சீமோர் சைமன். நியூயார்க் அரசுப் பள்ளிகளில் 23 ஆண்டுகள் அறிவியல் சொல்லிக் கொடுத்தவர். 'எரிமலைகள்' 1988-இல், 'புயல்கள்' 1989-இல், 'நிலநடுக்கங்கள்' 1991-இல் என்று அடுத்தடுத்து வந்த அவருடைய புத்தகங்களில் கார்ட்டூன் கிடையாது. திறந்தால் ஒரு பக்கம் முழுக்க நிஜப் புகைப்படம்: வானத்தைக் கிழிக்கும் மின்னல், சாலையைப் பிளந்துபோட்ட நிலநடுக்கம். எதிர்ப் பக்கத்தில் வாத்தியார் பேசுகிற தோரணையில் விளக்கம். பிள்ளைகளுக்குப் பெரிய படத்தைக் காட்டிவிட்டுச் சின்ன வாக்கியத்தில் பேச வேண்டும் என்பதை வகுப்பறை அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் பேரழிவைக் குழந்தைக்கு எப்படிச் சொல்லி முடிப்பது என்ற கேள்விக்கு நல்ல விடை கண்டவர் பட்ரீசியா லாபர். 1986-இல் வெளிவந்த அவருடைய 'வால்கேனோ' அமெரிக்காவின் செயிண்ட் ஹெலன்ஸ் எரிமலையைப் பற்றியது. குழந்தை இலக்கியத்துக்கான நியூபெரி விருது பெரும்பாலும் கதைகளுக்கே போகும். இந்த எரிமலைப் புத்தகம் 1987-இல் அந்த விருதுக்கு அடுத்த நிலையான நியூபெரி ஆனர் பெற்றது.

செயிண்ட் ஹெலன்ஸ் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. 1980 மார்ச்சில் விழித்துக்கொண்டது. உள்ளே குழம்பு ஏற ஏற மலையின் வடக்குச் சரிவு ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டர் வீதம் வெளியே புடைத்தது. மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32. ஒரு நிலநடுக்கம். புடைத்த பக்கம் அப்படியே சரிந்து விழ, மூடி திறந்த சோடா பாட்டிலைப் போல மலை பக்கவாட்டில் வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். மலை தன் உயரத்தில் ஏறக்குறைய 400 மீட்டரை இழந்தது. காடு இருந்த இடத்தில் தீக்குச்சிகளைக் கொட்டியது போல மரங்கள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன.

இங்கே நிறுத்தியிருந்தால் அது இன்னொரு பேரழிவுப் புத்தகம். லாபர் நிறுத்தவில்லை. புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே வெடிப்போடு சேர்த்து 'ஆறுதல்' என்ற சொல்லையும் வைத்திருந்தார். புண் ஆறுவது என்று சொல்வோமே, அந்தப் பொருளில். வளை தோண்டி வாழும் கோஃபர் என்ற எலி போன்ற பிராணி வெடிப்பின்போது மண்ணுக்குள் இருந்தது. அதனால் பிழைத்தது. பிழைத்ததும் வழக்கமான வேலையைத் தொடர்ந்தது: தோண்டியது. அடியில் இருந்த பழைய வளமான மண் மேலே வந்து சாம்பலோடு கலந்தது. காற்றில் வந்த விதைகள் அந்த மண்ணில் முளைத்தன. சாம்பல் பாலைவனத்தில் லூபின் செடிகள் பூத்தன. வெந்த மலையில் மறுபடி உயிர் துளிர்க்க வைத்த வேலையில் ஒரு எலிக்கும் பங்குண்டு என்று படிக்கிற குழந்தைக்கு, அழிவு என்பது கடைசிப் பக்கம் இல்லை என்று தனியாகப் புத்தி சொல்ல வேண்டியிருக்காது.

எல்லாப் பேரழிவிலும் இப்படி ஒரு எலி கிடைக்காது. 2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரீனா புயல் அமெரிக்கக் கரையைத் தாக்கியபோது நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைகள் உடைந்து, ஊரில் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. பத்தாண்டுகள் கழித்து டான் பிரௌன் அதைப் பிள்ளைகளுக்கான படக்கதை வடிவில், ஆனால் ஒரு வரிகூடக் கற்பனை இல்லாத தகவல் நூலாக, 'டிரௌண்ட் சிட்டி' என்ற பெயரில் வரைந்தார். கூரையில் ஏறி நின்று கையசைத்தவர்கள், விளையாட்டரங்கில் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாமல் அடைந்து கிடந்தவர்கள், வராமல் போன உதவி எல்லாம் அதில் உண்டு. புயலைக் காற்று செய்தது, மிச்சத்தை மனிதர்கள் செய்தார்கள் என்பதை மறைக்காத புத்தகம். தகவல் நூல்களுக்கான சைபர்ட் ஆனர் அதற்கு 2016-இல் கிடைத்தது. ஐந்து வயதுக்காரருக்கு விரல் விட்டு எண்ணத் தந்தால் போதும். பன்னிரண்டு வயதுக்காரர் 'ஏன் காப்பாற்றவில்லை?' என்று கேட்பார். இரண்டு வயதுக்கும் ஒரே புத்தகம் போதாது.

கூண்டு எண் ஆறு

புத்தகம் கடல் தாண்டும்; வானிலை தாண்டாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆங்கில வானிலைப் புத்தகத்தைப் புரட்டும் பிள்ளை முதலில் பனிமனிதனைப் பார்க்கிறது, பிறகு டொர்னாடோவைப் பார்க்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள் சுழல்கின்றன. அங்கே அது முதல் அத்தியாயமாக இருப்பது நியாயம். நம் பிள்ளையின் காதில் விழுவதோ வேறு: "வங்கக் கடலில் குறைந்த காற்றழுத்தத் தாழ்வு நிலை... நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது."

கூண்டுக்குள் என்ன இருக்கும், கிளியா என்று கேட்காத குழந்தை உண்டா? பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். துறைமுகக் கம்பத்தில் அவற்றை ஏற்றும் முறைக்குத்தான் எண். 1, 2 என்றால் புயல் தொலைகடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஐந்தைவிட ஆறு பயங்கரம், ஆறைவிட ஏழு பயங்கரம் என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இந்த மூன்றுக்கும் ஆபத்தின் அளவு ஒன்றுதான். புயல் துறைமுகத்துக்கு இந்தப் பக்கமாகக் கரையைக் கடக்குமா, அந்தப் பக்கமாகவா, தலைக்கு மேலேயேவா என்பதுதான் வித்தியாசம். பதினொன்று இன்னும் விசித்திரம்: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். புயலுக்குப் பெயர் வைக்கும் கதையும் இப்படித்தான். 2016-இல் சென்னையின் மரங்களைச் சாய்த்த வர்தா, பாகிஸ்தான் தந்த பெயர். 2017-இன் ஒக்கி வங்கதேசம் தந்தது. 2018-இன் கஜா இலங்கை தந்தது. ஒரு குழந்தைப் புத்தகத்துக்குத் தேவையான வியப்பு முழுவதும் ஒரு வானொலி அறிவிப்புக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழில் இந்த வேலைக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1980-களிலிருந்து பிள்ளைகளிடம் அறிவியல் பேசி வருகிறது. சென்னையின் தாரா புக்ஸ் 2009-இல் வேறொரு பாதையில் போனது: வங்காளத்துப் படச்சுருள் ஓவியர்களான ஜயதேப், மொய்னா சித்ரகர் இருவரின் 'சுனாமி'. மடித்து வைத்த புத்தகத்தைப் பிரித்தால் நீண்ட சுருளாகத் தொங்கும். அலை மேலிருந்து கீழே வரைக்கும் வரும். ஊர் ஊராகப் போய்ச் சுருளைப் பிரித்துப் பாடிக் காட்டும் படுவா மரபிலிருந்து வந்தது அது.

பழைய அறிவுரை

பொழுதுபோக்குப் புத்தகத்தில் பிழை இருந்தால் வாசகர் கடிதம் வரும். வானிலைப் புத்தகத்தில் பிழை இருந்தால் குழந்தை அதன்படி நடந்துவிடும். இந்த வகை நூல்களின் சுமை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

டொர்னாடோ வந்தால் வீட்டு ஜன்னல்களைத் திறந்து வை, உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாகி வீடு வெடிக்காமல் தப்பும் என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டைப் பெயர்ப்பது காற்றின் வேகமும் அதில் பறந்து வரும் பொருள்களும்தான் என்பது பிறகு தெளிவானது. ஜன்னலைத் திறக்கப் போகிறவர் பதுங்க வேண்டிய நேரத்தை வீணாக்குகிறார், அவ்வளவே. 1991-இல் கான்சாஸில் ஒரு தொலைக்காட்சிக் குழு நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கி உயிர் தப்பிய காட்சி நாடெங்கும் ஓடியது. மேம்பாலம் பாதுகாப்பு என்ற எண்ணம் பரவியது. 1999 மே 3-இல் ஓக்லஹோமாவில் டொர்னாடோ வந்தபோது அப்படி ஒதுங்கியவர்களில் மூவர் இறந்தார்கள். பாலத்தடியின் இடுக்கில் காற்று இன்னும் மூர்க்கமாகப் பாயும். நிலநடுக்கத்தின்போது வாசல் நிலையின் கீழ் நில் என்பதும் இப்படிப்பட்ட பழைய பாடம்தான். மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்து மேசைக் காலைப் பிடித்துக்கொள் என்பதே இன்றைய பாடம்.

பிரான்லியின் விரல்கணக்கும் தப்பவில்லை. தூரம் கணக்கிட அது இன்றும் சரி. ஆனால் 'பதினைந்து எண்ணினேன், தொலைவில்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் விளையாடலாம்' என்று முடிவெடுக்க அது உதவாது. மழை மேகத்தை விட்டுப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் இறங்கும். ஆகவே அமெரிக்க வானிலைச் சேவை இப்போது எண்ணச் சொல்வதில்லை. இடி காதில் விழுந்தாலே உள்ளே போ என்கிறது. பிரான்லியின் புத்தகம் 1964-க்குப் பிறகு 1985-இலும் 1999-இலும் புதிய பதிப்புகளாக வந்தது. நல்ல வானிலைப் புத்தகத்துக்குப் படத்தைவிட முக்கியம் அது எந்த ஆண்டுப் பதிப்பு என்பது. பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தச் சின்ன எழுத்துப் பக்கத்தைத்தான்.

கற்பனையும் தகவலும் கலக்கும்போது இன்னும் கவனம் தேவை. 'மேஜிக் ஸ்கூல் பஸ்' வரிசையில் 1995-இல் ஒரு வகுப்பே ஹரிக்கேனுக்குள் போய் வந்தது. அந்த வரிசையின் பல நூல்களில் கடைசியாக ஒரு பகுதி உண்டு: இதுவரை படித்ததில் எது நடக்கும், எது நடக்கவே நடக்காது என்று நூலாசிரியரே போட்டு உடைத்துவிடுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துப் படிக்கும் பகுதியும் அதுதான்.

நெற்போரா, வைக்கோற்போரா?

அந்தக் கடைசிப் பக்கம் இல்லாமல் போன ஒரு கதை ஜப்பானில் உண்டு. 1896-இல் சன்ரிகு கடற்கரையைச் சுனாமி தாக்கி 20,000 பேருக்கு மேல் இறந்தபோது, ஜப்பானில் வாழ்ந்த எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கதையாக எழுதினார். மேட்டில் குடியிருக்கும் கிழவர் ஹமகுச்சி கொஹெய். மெல்லிய நில அதிர்வு. கீழே கிராமத்தில் யாரும் கவனிக்கவில்லை. கிழவர் பார்க்கிறார்: கடல் கரையை விட்டுப் பின்வாங்கி ஓடுகிறது. கத்தினால் கேட்காது. அறுவடை செய்து குவித்திருந்த தன் நெற்போர்களுக்குத் தீ வைக்கிறார். தீயை அணைக்க ஊரே மேட்டுக்கு ஓடி வருகிறது. அலை வருகிறது. ஊர் போகிறது, உயிர்கள் பிழைக்கின்றன. நகாய் சுனெசோ என்ற பள்ளி ஆசிரியர் இதைச் சுருக்கி எழுத, 'இனமுரா நோ ஹி' என்ற பெயரில் 1937 முதல் 1947 வரை ஐந்தாம் வகுப்புத் தேசியப் பாடநூலில் இருந்தது. ஒரு தலைமுறையே அதைப் படித்தது.

நடந்தது வேறு. 1854 டிசம்பர் 24-இல் இன்றைய வகயாமா மாவட்டத்தின் ஹிரோ கிராமம். ஹமகுச்சி கொர்யோ கிழவர் அல்ல. முப்பதுகளில் இருந்த சோயா சாஸ் வணிகர். நில அதிர்வு மெல்லியது அல்ல. வீடுகளைக் குலைத்த பெரும் நடுக்கம். அவர் தீ வைத்தது நெற்போருக்கும் அல்ல. கதிரடித்து முடித்த வைக்கோற்போருக்கு. அதுவும் அலை வருமுன் எச்சரிக்க அல்ல. அலை அடித்தபின், இருட்டில் திசை தெரியாமல் தத்தளித்தவர்களுக்குக் கோவில் மேட்டுக்கு வழிகாட்ட.

நெல்லைக் கொளுத்துவது வைக்கோலைக் கொளுத்துவதைவிட உருக்கம். கதைக்கு அது வேண்டும்தான். வேறு இரண்டு மாற்றங்கள்தான் ஆபத்தானவை: அதிர்வை மெல்லியதாக்கியதும், கடல் பின்வாங்குவதையே எச்சரிக்கையாக்கியதும். கடலோரத்தில் நிலம் பலமாகக் குலுங்கினால் அதுவே எச்சரிக்கை. உடனே மேட்டுக்கு ஓட வேண்டும். கடல் உள்வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும். கடல் எல்லா இடத்திலும் முதலில் உள்வாங்குவதும் இல்லை.

2004 டிசம்பர் 26 இதைக் கண்கூடாகக் காட்டியது. சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் தாழ்ந்தது. கிழக்கே தாய்லாந்து நோக்கிப் போன அலைக்குப் பள்ளம் முன்னால் போனது. மேற்கே தமிழ்நாட்டை நோக்கி வந்த அலைக்கு முகடு முன்னால் வந்தது. சென்னைத் துறைமுகத்தின் அலைமானி முதலில் பதிந்தது இறக்கத்தை அல்ல, ஏற்றத்தை. 'கடல் உள்வாங்கினால் ஓடு' என்ற ஒரே பாடத்தைப் படித்திருந்த குழந்தைக்கு நாகப்பட்டினத்தில் அன்று காலை அந்தப் பாடம் கை கொடுத்திருக்காது. தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி ஸ்மித் கவனித்தது வேறு அடையாளங்களை: தண்ணீர் நுரை பொங்கிக்கொண்டு, திரும்பாமல் மேலே மேலே ஏறி வந்தது. இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் ஹவாய்த் தீவின் 1946 சுனாமிப் படத்தில் அவள் பார்த்திருந்தது அதையேதான். அவள் கத்திய கத்தலில் கடற்கரை காலியானது. ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தார்கள்.

பாடநூலை விட்டுப் போன ஹமகுச்சி மறுபடி வந்தார், இந்த முறை சொந்த வயதில். பேரிடர் ஆய்வாளர் கவாதா யோஷியாக்கி எழுதிய கட்டுரை, ஒரு ஐந்தாம் வகுப்பு மொழிப் பாடநூலில் இடம் பெற்றது. அதில் தீ மட்டும் இல்லை; தீக்குப் பிறகு அவர் செய்ததும் இருக்கிறது. வீடு வாசல் இழந்தவர்களுக்குத் தன் பணத்திலிருந்து தினக்கூலி கொடுத்து, நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 600 மீட்டர் நீளத்துக்கு, 5 மீட்டர் உயரத்துக்கு ஒரு கரை எழுப்பினார். 1946-இல் அடுத்த பெரிய சுனாமி வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. புதிய பாடநூல் வகுப்புகளுக்கு வந்தது 2011 ஏப்ரலில். வடகிழக்கு ஜப்பானைச் சுனாமி அழித்த மார்ச் 11-க்கு மூன்று வாரம் கழித்து.

ஹமகுச்சி தீ வைத்த நாள் பழைய ஜப்பானிய நாட்காட்டியில் பதினோராம் மாதம் ஐந்தாம் தேதி. அதை ஒட்டி நவம்பர் 5-ஐ உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2015-இல் அறிவித்தது. ஹிரோ கிராமத்தில் அதற்கு வெகுமுன்பே, 1903-இலிருந்து, ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு விழா நடக்கிறது. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மண் சுமந்து வந்து கொர்யோவின் கரைமேல் போட்டுவிட்டுப் போகிறார்கள்.